கல் ஆபரேஷனில் கருவி சிக்கினால், உடைந்தால், உள்ளேயே நின்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை வந்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து ஓ.பி.க்களில் கல்லடைப்பு நோயாளிகள் வரிசை கட்டுவார்கள். கல் எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம், செலவு எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். கல்லை எடுக்க உள்ளே போகும் கருவியைப் பற்றிக் கேட்பவர்கள், பக்கத்து வீட்டில் யாருக்கோ ஏதோ ஆனதைக் கேள்விப்பட்டவர்கள்தான். "வயர் உள்ளேயே உடைஞ்சு போச்சாம்", "குழாயை வச்சுட்டு எடுக்க மறந்துட்டாங்களாம்" என்று பாதிக் கதையோடு வருவார்கள். மீதியை இங்கே எழுதியிருக்கிறேன். ஒன்றிரண்டு கேள்விகள் தியேட்டரில் வேலை பார்க்கும் நர்ஸ்களும் இளம் டாக்டர்களும் கேட்டவை. மற்றவர்கள் அவற்றைத் தாண்டிப் போகலாம்.

கல் எடுக்க உள்ளே என்னென்ன கருவி போகிறது?

எந்தச் சிகிச்சை என்பதைப் பொறுத்தது. வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைக்கும் முறையில் (1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக மனிதருக்குச் செய்தார்கள்) உள்ளே எதுவும் போவதில்லை. உடைந்த துகள்கள் வரும் வழியில் அடைத்துக்கொள்வதுதான் அங்கே தொந்தரவு.

கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்க்கு யூரிட்டர் என்று பெயர். கல் அதில் நின்றால் யு.ஆர்.எஸ். செய்வார்கள்: சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய டெலஸ்கோப்பை ஏற்றுவது. கல் கிட்னிக்குள் இருந்தால் வளைந்து கொடுக்கும் டெலஸ்கோப் வேண்டும், அது ஆர்.ஐ.ஆர்.எஸ். கல் 2 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பெரும்பாலும் முதுகுப் பக்கம் சிறு துளை போட்டு நேராகக் கிட்னிக்குள் போகும் பி.சி.என்.எல். இதைச் சுவீடன் டாக்டர்கள் 1976-ல் எழுதி வெளியிட்டார்கள்.

மூன்றிலும் முன்னால் போவது கைடு வயர். மற்ற எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் போகும். அப்புறம் ஷீத் எனப்படும் உறை, கல்லை உடைக்க லேசர் ஃபைபர் அல்லது காற்றழுத்தத்தில் இடிக்கும் கம்பி, துண்டைப் பிடிக்க பாஸ்கெட் அல்லது இடுக்கி. கடைசியாக டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அதன் இரண்டு முனையும் சுருண்டிருக்கும், மேல் முனை கிட்னியிலும் கீழ் முனை பையிலும் உட்காரும். மற்ற கருவிகள் அன்றைக்கே வெளியே வந்துவிடும். ஸ்டென்ட் மட்டும் உங்களோடு வீட்டுக்கு வரும்.

கருவியால் சிக்கல் வருவது சகஜமா?

சின்னச் சின்னது சகஜம். வயர் மடங்கும், ஃபைபர் நுனி தேயும், பாஸ்கெட் கம்பி ஒன்று வளையும். அவற்றை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்வார்கள், உங்களுக்குத் தெரியவே தெரியாது. யூரிட்டர் கிழிவது, உடைந்த துண்டு உள்ளே தங்குவது எல்லாம் அரிது. அரிதான அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் யாரோ ஒருவர் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் தள்ளியிருப்பார், அல்லது இன்னும் கொஞ்சம் இழுத்திருப்பார்.

"குழாய் சின்னதா இருக்கு, இன்னிக்கு ஏற முடியல" என்று ஸ்டென்ட் மட்டும் வைத்து அனுப்பிவிட்டார்கள். டாக்டருக்குக் கைவரவில்லையா?

என்னைக் கேட்டால், அந்த டாக்டரிடமே திரும்பப் போகச் சொல்வேன்.

யூரிட்டரின் உள்விட்டம் சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். பைக்குள் நுழையும் இடத்தில் அதைவிடவும் குறுகல். ஆளுக்கு ஆள் இது மாறும், வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆர்.ஐ.ஆர்.எஸ்.ஸில் ஏற்றும் ஷீத்தின் அளவை ஃபிரெஞ்ச் என்ற கணக்கில் சொல்வார்கள். 3 ஃபிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். 10/12 என்று எழுதிய ஷீத்தின் வெளிவிட்டம் 4 மில்லிமீட்டர், 12/14 என்றால் 4.7. இறுகிய குழாயில் அதைத் திருகித் திருகி ஏற்றினால் உள்சுவர் உரியும், சில நேரம் தசையே பிளக்கும். பாரிஸில் 359 நோயாளிகளுக்கு ஷீத்தை வெளியே எடுக்கும்போது யூரிட்டரை உள்ளிருந்து பார்த்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 46.5 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு காயம் இருந்தது, 13.3 சதவீதம் பேருக்குத் தசைவரை போயிருந்தது. முன்பே ஸ்டென்ட் வைத்திருந்தவர்களுக்குப் பெரிய காயம் மிகக் குறைவு.

அதுதான் விஷயம். ஸ்டென்ட் இரண்டு வாரம் உள்ளே இருந்தால் யூரிட்டர் தானாக விரிந்து கொடுக்கும். அன்று நுழையாத ஷீத் இரண்டாம் முறை பெரும்பாலும் தடையில்லாமல் ஏறும். செலவும் அலைச்சலும் இரண்டு மடங்கு என்பது உண்மை, மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு அது சின்ன விஷயமல்ல. ஆனாலும் கிழிந்த யூரிட்டரைச் சரிசெய்ய ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே, "ஏறலேன்னா ஸ்டென்ட் வச்சுட்டு ரெண்டு வாரம் கழிச்சுச் செய்வீங்களா?" என்று நீங்களே கேளுங்கள். ஆமாம் என்று தயங்காமல் சொல்பவர் நல்ல டாக்டர்.

பாஸ்கெட் கல்லோடு சேர்ந்து உள்ளே சிக்கிக்கொண்டால்?

யு.ஆர்.எஸ். செய்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் இடம் இது. பாஸ்கெட் என்பது நிக்கல்-டைட்டானியம் கலந்த மெல்லிய கம்பிகளால் ஆன கூடை. கல்லைச் சுற்றி விரித்து மூடி இழுக்க வேண்டும். கல் குழாயைவிடப் பெரிதாக இருந்தால் பாதி வழியில் நின்றுவிடும். மேலேயும் போகாது, கீழேயும் வராது, கூடையும் திறக்காது.

அப்போது செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று, இழுப்பது. யூரிட்டர் சுவர் மெல்லியது. பலமாக இழுத்தால் கல்லோடு குழாயே உருவிக்கொண்டு வந்துவிடும். கிழிந்தது கீழ்ப்பகுதி என்றால் மீதியைப் பையோடு இணைக்கலாம், பையின் சுவரையே குழாயாகச் சுருட்டி மேலே ஏற்றலாம். நீளமாகப் போய்விட்டால் குடலில் ஒரு பகுதியை எடுத்து வைக்க வேண்டிவரும், அல்லது கிட்னியையே இறக்கி இடுப்புப் பகுதியில் மாற்றி வைக்க வேண்டிவரும். 6 மில்லிமீட்டர் கல்லுக்காக இதெல்லாம்.

சரியான வழி நிதானமானது. முதலில் கூடையோடு கல்லை மெதுவாக மேலே, குழாய் அகலமாக இருக்கும் இடத்துக்குத் தள்ளித் திறந்து பார்ப்பார்கள். திறக்கவில்லை என்றால் பாஸ்கெட்டின் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். டெலஸ்கோப்பை மட்டும் வெளியே உருவி, பாஸ்கெட் கம்பிக்குப் பக்கத்திலேயே மறுபடி ஏற்றி, கூடைக்குள் இருக்கும் கல்லை லேசரால் உடைப்பார்கள். கல் பொடியானால் கூடை தானே விடுபடும். அதற்கும் மசியவில்லை என்றால் கூடையின் கம்பி ஒன்றை லேசராலேயே வெட்டலாம். வெட்டிய முனை குத்தும், எனவே கண்ணால் பார்த்துக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும்.

முன்தடுப்பு இதைவிடச் சுலபம். கூடையில் பிடிக்கும் முன் கல்லை உடைத்துச் சின்னதாக்கிவிட வேண்டும். வெளியே வரும் அளவா என்ற சந்தேகம் வந்தாலே வராது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போது பல டாக்டர்கள் பாஸ்கெட்டையே அதிகம் எடுப்பதில்லை. லேசரில் கல்லைப் பொடியாக்கி விட்டுவிடுகிறார்கள், பொடி சிறுநீரோடு போய்விடும்.

லேசர் கம்பி உள்ளே உடையுமா? லேசர் கிட்னியைச் சுட்டுவிடாதா?

அது கம்பியல்ல, கண்ணாடி இழை. 200 முதல் 365 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியைவிடச் சில மடங்கு பெரிது. டெலஸ்கோப் வளைந்திருக்கும்போது அதற்குள் இழையைத் திணித்தால் உள்ளேயே முறியும். அப்போது முதலில் பாழாவது பல லட்சம் ரூபாய் பெறும் அந்த டெலஸ்கோப். நோயாளிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் டெலஸ்கோப்பை நேராக வைத்துக்கொண்டு இழையை ஏற்றுவது, நுனி திரையில் நன்றாகத் தெரிந்த பிறகே லேசரின் மிதியை அழுத்துவது என்று பழக்குகிறோம். உடைந்த நுனி கிட்னியில் விழுந்தால் சின்ன இடுக்கியாலோ பாஸ்கெட்டாலோ எடுத்துவிடலாம். மிகச் சிறியது தண்ணீரோடு அடித்துக்கொண்டு வந்துவிடும்.

சுடும் விஷயம். கல்லை உடைக்கும் ஹோல்மியம் லேசரின் சக்தியைத் தண்ணீர் உறிஞ்சிவிடும், அரை மில்லிமீட்டருக்கு அப்பால் போகாது. எனவே கல்லைத் தொட்டால் கல் உடையும், சுவரைத் தொட்டால்தான் சுவர் சுடும். ஆனால் டெலஸ்கோப் வழியாகப் பாய்ச்சும் தண்ணீர் சுற்றிலும் சூடாகும். 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொஞ்ச நேரம் நின்றாலே திசு பாதிக்கும். நீரோட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்வதும், லேசரை இடைவிடாமல் அழுத்தாமல் விட்டுவிட்டு அழுத்துவதும்தான் காப்பு.

இன்னொரு அபூர்வச் சிக்கல்: வளையும் டெலஸ்கோப் வளைந்த நிலையிலேயே பூட்டிக்கொள்வது. அப்படியே வெளியே இழுத்தால் யூரிட்டர் போச்சு. உள்ளே வயர் விட்டு நிமிர்த்திப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் வெளிப்பக்கம் டெலஸ்கோப்பின் உறையை வெட்டி வளைவுக் கம்பியைத் தளர்த்துவார்கள். டெலஸ்கோப் போனால் போகட்டும்.

கல் மேலே ஓடிவிட்டது என்றார்கள். அப்படியும் ஆகுமா?

ஆகும். காற்றழுத்தக் கம்பியால் இடிக்கும்போதோ தண்ணீர் வேகத்திலோ யூரிட்டர் கல் கிட்னிக்குள் ஏறிவிடும். ஸ்டென்ட் வைத்துவிட்டு, பிறகு அதிர்வலையிலோ ஆர்.ஐ.ஆர்.எஸ்.ஸிலோ உடைத்துக்கொள்ளலாம். பயப்பட ஒன்றுமில்லை.

முதுகில் துளை போட்டுச் செய்யும்போது என்ன தவறலாம்?

கருவிகள் இங்கே தடிமன், எனவே அக்கறையும் கூடுதலாக வேண்டும். ஊசியால் கிட்னியைத் தொட்டு, அதன் வழியே வயர் விட்டு, வயரின்மேல் படிப்படியாகத் துளையை அகலமாக்கி, கடைசியில் ஆம்பிளாட்ஸ் ஷீத் என்ற குழாயை வைப்பார்கள். ஒவ்வொரு படியும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துத்தான்.

வயர் மடங்கினால் அதன்மேல் போகும், துளையை அகலமாக்கும் டைலேட்டர் வழி தவறிக் கிட்னியின் எதிர்ச் சுவரைக் குத்தும். மடங்கியது தெரிந்தால் மேற்கொண்டு தள்ளாமல் வயரை மாற்ற வேண்டும். வழுக்கும் பூச்சுள்ள வயரை உலோக ஊசிக்குள் பின்னோக்கி இழுக்கவே கூடாது, ஊசி முனை பூச்சைச் சீவிவிடும், அந்தச் சுருள் கிட்னிக்குள் தங்கும். ஊசியையும் வயரையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இதைப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறோம், ஆனாலும் அவசரத்தில் கை தானாக வயரை இழுத்துவிடும். இன்னொரு வயரைப் பாதுகாப்புக்காகத் தனியே வைத்திருப்பதும் நல்ல வழக்கம். ஷீத் நழுவி வெளியே வந்துவிட்டாலும் வழி தொலையாது.

கல்லை இடிக்கும் கம்பியை நெம்புகோலாகப் பயன்படுத்தினால் முறியும். ஷீத்தின் விளிம்பில் அடித்தால் பிளாஸ்டிக் செதில் பெயரும். இடுக்கியின் தாடை கழன்று விழுவதும் உண்டு, பழைய இடுக்கியில் அந்தச் சின்னத் திருகைத் தினமும் பார்க்க வேண்டும். விழுந்தது கண்ணுக்குத் தெரிந்தால் அங்கேயே எடுத்துவிடலாம். ரத்தம் மறைத்தால் தேடித் துழாவுவது ஆபத்து. கிட்னியில் டியூப் வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் தெளிந்த பிறகு அதே துளை வழியாக எடுப்பது நல்லது.

ரத்தப்போக்கு பி.சி.என்.எல்.லின் பெரிய கவலை. ஷீத் கிட்னிக்குள் நின்றுகொண்டிருக்கும்போது அதுவே ஓரளவு அழுத்தி நிறுத்தும். மீறி வந்தால் டியூப் வைத்து மூடிவிடுவார்கள், உள்ளே உறைந்து அடங்கும். வீட்டுக்குப் போய் ஒரு வாரம், இரண்டு வாரம், ஏன் மூன்றாவது வாரத்தில்கூடத் திடீரென்று கட்டி கட்டியாக ரத்தம் போகலாம். காயம்பட்ட சின்ன ரத்தநாளம் ஒன்று வீங்கி வெடிப்பதால் வருவது அது. தொடை அல்லது கை வழியாகக் கதீட்டர் விட்டு அந்த நாளத்தை மட்டும் அடைத்துவிடலாம். அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை, எங்கே இருக்கிறது என்று ஆபரேஷன் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்த துண்டு தங்கிவிட்டால் வாழைத்தண்டுச் சாறு குடித்து வெளியேற்றலாமா?

முடியாது. திருவையாற்றுப் பக்கம் வாழைத்தண்டுக்குப் பஞ்சமில்லை, அதைக் குடிப்பதால் சிறுநீர் தாராளமாகப் போகும் என்பதும் சரி. ஆனால் பிளாஸ்டிக்கையோ உலோகத்தையோ எந்தச் சாறும் கரைக்காது. தங்கிய துண்டின்மேல் உப்பு படிந்து புதுக் கல் வளரும், கிருமியும் குடியேறும். எடுக்கத்தான் வேண்டும். கிட்னி செயல்பாடு குறைந்தவர்கள் வாழைத்தண்டுச் சாறு குடிக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள், அதில் பொட்டாசியம் அதிகம்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள், ராத்திரியே குளிர்காய்ச்சல் வந்து ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள். கருவி சுத்தமாக இல்லையா?

அப்படியும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. கல்லுக்குள்ளும் அடைபட்ட சிறுநீருக்குள்ளும் ஏற்கெனவே கிருமி இருக்கும். டெலஸ்கோப் வழியாகப் பாயும் சலைன் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடினால், அந்தக் கிருமி கிட்னியிலிருந்து நேராக ரத்தத்துக்குள் தள்ளப்படும். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: பாசன வாய்க்காலைத் திறந்துவிட்டு வடிகாலை அடைத்தால் கரை என்னவாகும் என்று தெரியும்.

ஆகவே ஆபரேஷனுக்கு முன் யூரின் கல்ச்சர் பார்த்து, கிருமி இருந்தால் மருந்து கொடுத்துத் தணித்த பிறகே கை வைக்க வேண்டும். உள்ளே போய்ச் சீழ் தெரிந்தால் கல்லைத் தொடாமல் ஸ்டென்ட் மட்டும் வைத்து வெளியே வந்துவிட வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும், முடியாதென்றால் மீதியை இன்னொரு நாளுக்கு வைக்க வேண்டும். தண்ணீர் என்று நான் சொல்வதெல்லாம் நார்மல் சலைன். வெறும் தண்ணீர் ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உடையும்.

நடுவில் கரண்ட் போனால்?

சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் நல்ல கேள்வி. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை ஏறியபின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கேமராவும் விளக்கும் யு.பி.எஸ்.ஸில் ஓட வேண்டும், அந்தச் சில நொடிகளில் யாரும் எதையும் அசைக்கக் கூடாது. லேசர் மிஷின் நிறைய மின்சாரம் இழுக்கும், சின்ன ஜெனரேட்டர் தாங்காது. பாதுகாப்பு வயர் உள்ளே இருந்தால் டெலஸ்கோப்பை எடுத்துவிட்டு ஸ்டென்ட் வைத்து முடிக்க லேசர் தேவையில்லை.

ஒருவருக்குப் போட்ட கருவியை எனக்கும் போடுவார்களா?

டெலஸ்கோப் பலருக்கும் பயன்படுவதுதான், முறையாகக் கிருமிநீக்கம் செய்தால் குற்றமில்லை. ஒரே முறை பயன்படுத்தி எறியும் டெலஸ்கோப்பும் வந்துவிட்டது, விலைதான் அதிகம். வயர், பாஸ்கெட், ஷீத் ஆகியவற்றில் பெரும்பாலானவை ஒருமுறைக்கு மட்டும் என்று அச்சிட்டே வரும். செலவைக் குறைக்க அவற்றை மறுபடி பயன்படுத்தும் இடங்கள் உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. கிருமியைவிட எனக்குப் பெரிய கவலை, ஏற்கெனவே வளைந்து களைத்த கம்பி இரண்டாம் முறை முறியும் என்பதுதான். கேளுங்கள், கோபப்பட மாட்டார்கள். ஸ்டென்ட் மட்டும் எப்போதும் புதியதாகத்தான் இருக்க வேண்டும்.

(ஒரு ஸ்டாஃப் நர்ஸ்) ஃபோலி கதீட்டரின் (சிறுநீர் வடியப் பையில் வைக்கும் குழாய்) பலூன் சுருங்க மறுக்கிறது. கொஞ்சம் தண்ணீர் ஏற்றி வெடிக்க வைக்கலாமா?

வேண்டாம் சிஸ்டர். வெடித்த ரப்பர் துண்டு பையில் தங்கிக் கல்லாகும், நோயாளிக்கு வலியும் தாங்காது. சிரிஞ்சை மாட்டிவிட்டுக் காத்திருங்கள், தானாக இறங்கவிடுங்கள். வேகமாக உறிஞ்சினால் உள்வழி ஒட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு மில்லி ஏற்றி மறுபடி இறக்கிப் பாருங்கள். அடுத்தது வால்வை வெட்டுவது, ஆனால் வெட்டும் முன் டாக்டரைக் கூப்பிடுங்கள், வெட்டிய கதீட்டர் உள்ளே நழுவாமல் பிடித்திருக்க வேண்டும். அதிலும் இறங்காவிட்டால் டாக்டர் பலூன் வழிக்குள் மெல்லிய வயர் விடுவார், அல்லது ஸ்கேனில் பார்த்து ஊசியால் பலூனைக் குத்துவார். பலூனை நிரப்ப ஸ்டெரைல் வாட்டர் எடுங்கள். சலைன் என்றால் நாளாக ஆக உப்பு படிந்து வழி அடைபடும்.

ஸ்டென்ட் வைத்த பிறகு சிறுநீர் கழிக்கும்போது இடுப்பில் சுள்ளென்று இழுக்கிறது. நகர்ந்துவிட்டதா?

நகரவில்லை. பை சுருங்கும்போது ஸ்டென்ட் வழியாகச் சிறுநீர் கொஞ்சம் மேலே ஏறும், அதுதான் இழுக்கிறது. அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வும், நாற்று நட்டு வந்த அன்றோ மேடு பள்ள ரோட்டில் பைக் ஓட்டிய அன்றோ சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போவதும் சகஜம். டாம்சுலோசின் மாத்திரை பலருக்கு உதவும். வேலைக்குப் போகலாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

ஸ்டென்டை எடுக்காமல் விட்டால் என்ன?

நம் பகுதியில் கல் ஆபரேஷனால் வரும் கருவிச் சிக்கல்களில் மிக மோசமானது எது என்று கேட்டால், பாஸ்கெட்டையோ லேசரையோ சொல்ல மாட்டேன். எடுக்காமல் விட்ட ஸ்டென்டைத்தான் சொல்வேன். ஆபரேஷன் ஒழுங்காக நடந்து, கல்லும் போய், எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது வருவது இது.

எப்படி மறக்கிறார்கள் என்று பார்த்தால் வியப்பே வராது. வலி போய்விட்டது, வேலை கூப்பிடுகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை, அது முடிவதற்குள் சம்பா, பொங்கலையொட்டி அறுவடை. பையன் லீவு முடிந்து திருச்சியில் ஏறிச் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போய்விடுகிறான். ஸ்டென்ட் இருக்கிறது என்ற தகவலை ஆபரேஷன் முடிந்து அரைத் தூக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியிருப்பார்கள், அல்லது கூட வந்திருந்த மச்சானிடம் சொல்லியிருப்பார்கள். மச்சான் திருப்பூருக்குத் திரும்பிவிட்டார். "உள்ளே ஏதோ போட்டிருக்காங்க, தானா கரைஞ்சிடும்" என்று நம்பியவர்களும் உண்டு. கரையாது.

பெரும்பாலான ஸ்டென்ட்களை 3 மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். கல் வரும் உடம்பு என்பதால்தானே ஸ்டென்டே வைத்தது, அந்த உடம்பில் பிளாஸ்டிக்கின்மேலும் கல் படியும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் சீக்கிரம் படியும், 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். வருடக்கணக்கில் விட்டால் இரண்டு சுருளிலும் கல் உருண்டு திரளும், நடுக்குழாய் நொறுங்கும் பதத்துக்கு வரும். கிட்னி வலியே இல்லாமல் வீங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும்.

அப்படி வந்தவருக்குச் சாதாரணமாக ஸ்டென்டை எடுப்பதாக நினைத்து இழுத்தால் அது உடையும், யூரிட்டரும் கிழியும். முதலில் எக்ஸ்ரே அல்லது சி.டி. எடுத்து எங்கெங்கே எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பையில் உள்ள கல்லை உடைப்பார்கள், யூரிட்டருக்குள் லேசர் கொண்டுபோவார்கள், மேல் சுருளில் பெரிதாக இருந்தால் முதுகுத் துளைதான். மேலே லேசாகப் படிந்திருந்தால் அதிர்வலையே போதும். சில நேரம் ஒரே நாளில் முடியாது. சரியான நாளில் வந்திருந்தால் மரப்பு ஜெல் போட்டு, சின்ன டெலஸ்கோப்பில் சில நிமிடத்தில் எடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

ஆஸ்பத்திரி தன் பங்குக்கு ஸ்டென்ட் ரிஜிஸ்டர் வைத்து, எடுக்காதவர்களுக்குப் போன் செய்ய வேண்டும். ஆனால் நம்பர் மாறிவிடும். எனவே ஸ்டென்ட் எடுக்கும் தேதியைக் குடும்பத்தில் இரண்டு பேர் தெரிந்து வைத்திருங்கள், ஒருவர் ஊரிலேயே இருப்பவராக இருக்கட்டும். காலண்டரில் சிவப்பில் எழுதுங்கள். சிறுநீர்த் துவாரத்தில் நூல் தொங்கவிட்டு வைக்கும் ஸ்டென்டும் உண்டு, ஓரிரு வாரத்தில் எடுக்க வேண்டியவர்களுக்கு நல்லது, கூடவே மறக்கவும் விடாது.

ஆபரேஷனுக்கு முன் நாங்கள் என்ன சொல்ல வேண்டும்?

ரத்தம் இளகும் மாத்திரை (ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை) சாப்பிடுகிறீர்களா என்று. நீங்களாக நிறுத்த வேண்டாம், இதய டாக்டர் சொல்லும் நாளில் நிறுத்துங்கள். முன்பு கல் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, ஸ்டென்ட் எடுத்தாகிவிட்டதா என்று. பழைய பேப்பரெல்லாம் பிளாஸ்டிக் பையோடு அப்படியே கொண்டுவாருங்கள்.

வீட்டுக்கு வந்தபின் எப்போது உடனே ஓடி வர வேண்டும்?

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ காலைவரை காத்திருக்கக் கூடாது. ரத்தக்கட்டி போனால், சிறுநீர் அடைத்தால், வாந்தியோடு இடுப்புவலி நிற்காமல் இருந்தால் அப்படியே. பி.சி.என்.எல். ஆனவர் மூச்சுத் திணறினால் அதுவும் அவசரம். விலா எலும்புக்கு மேலே துளை போட்டிருந்தால் நெஞ்சுக்கூட்டில் நீர் சேரலாம்.

வலியே இல்லாதவரும் ஸ்டென்ட் எடுத்து இரண்டு மூன்று மாதத்தில் ஒரு ஸ்கேன் பார்க்க வேண்டும். யூரிட்டர் காயம் ஆறும்போது சுருங்கினால் கிட்னி சத்தமில்லாமல் வீங்கும், ஸ்கேன் தவிர வேறு எதிலும் தெரியாது.

உள்ளே ஏதாவது விட்டுவிட்டார்களா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

டிஸ்சார்ஜ் சம்மரியில் நான்கு விஷயம் இருக்கிறதா பாருங்கள்: என்ன செய்தார்கள், கல் முழுதாகப் போனதா, ஸ்டென்டோ டியூபோ எந்தப் பக்கம் இருக்கிறது, அதை எடுக்கும் தேதி. வயர், ஷீத், இடுக்கி எல்லாம் முழுதாக வெளியே வந்ததா என்று எண்ணிப் பார்ப்பது தியேட்டர் வேலை. ஏதாவது உடைந்திருந்தால் கடைசி எக்ஸ்ரே படத்தோடு அதை எழுதித் தர வேண்டும். உடைந்தது குற்றமில்லை, சொல்லாமல் விடுவதுதான் குற்றம் என்பது என் கட்சி. "ஏதாவது கஷ்டமா இருந்ததா டாக்டர்?" என்று நேரே கேளுங்கள்.

இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தால் காப்பீட்டில் கிடைக்குமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல் சிகிச்சைகள் உண்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் ஒவ்வொரு முறைக்கும் முன்அனுமதி தனியாக வாங்க வேண்டும். முதல் தடவை டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே காப்பீட்டு கவுன்டரில் இரண்டாவதுக்கு என்ன பேப்பர் வேண்டும், ஸ்டென்ட் எடுப்பது எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டுவிடுங்கள்.

தம்பி அடுத்த வாரம் மஸ்கட் போகிறான், ஸ்டென்ட் இன்னும் உள்ளே இருக்கிறது. அங்கே எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம், சிறுநீரக அறுவை டாக்டர் இருக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் முடியும். டிஸ்சார்ஜ் சம்மரியையும் கடைசி எக்ஸ்ரேயையும் போனில் படம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பேப்பரையும் கையோடு அனுப்புங்கள். அங்கே எடுக்கப் பணம் ஆகும், அவனுடைய இன்சூரன்ஸில் வருமா என்று போகும் முன்பே கேட்கட்டும். வராது என்றால், டாக்டர் சரி என்றால், டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போட்டு இங்கேயே எடுத்துவிட்டுப் போவது மலிவு.